கடிதம் சுமந்து அரசரான குடும்பம்

ஜெர்மனியின் தென்பகுதியில், டான்யூப் ஆற்றங்கரையில், ரேகன்ஸ்பர்க் என்றொரு பழைய நகரம் உண்டு. அந்நகரில் முன்னாளில் துறவிகளின் மடமாயிருந்து பின்னர் அரண்மனையாக மாறிய ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. புனித எம்மெராம் அரண்மனை என்பது அதன் பெயர். அதில் வாழ்ந்து வரும் குடும்பத்தார் வாளெடுத்துப் போர் புரிந்து நாடு பிடித்தவரல்லர். கப்பலோட்டிப் பொன் குவித்தவருமல்லர். ஊரார் எழுதிய கடிதங்களை ஊருக்கு ஊர் சுமந்து சென்று, அந்தக் கூலியினாலேயே பிரபுக்களாகி, பின்பு இளவரசர் பட்டமும் எய்தியவர்கள். தூர்ன் உண்ட் தாக்சிஸ் என்பது அக்குடும்பத்தின் பெயர். அவர்கள் தபாலில் ஈட்டிய பொருளை எதிலே செலவிட்டார்கள் என்று பார்த்தால், அதில் ஒரு பெரும் பங்கு இசைக்குப் போயிருக்கிறது. தபாலும் இசையும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்த இந்த வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுமென்பது நெடுநாளாக நம் உள்ளத்திலிருந்த அவா.

நம் காலனியிலே இரயில்வேயிலும் தபால் துறையிலும் பணியாற்றும் குடும்பங்கள் பல. ஆதலின், கால அட்டவணை என்பதும், ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பொறுப்பு மாறுவது என்பதும், நேரம் தவறினால் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்பதும் நம்மவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. இவையனைத்தும் 500 ஆண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பாவில் குதிரைத் தபாலில் இருந்தன என்பதுதான் வியப்பு.

இக்குடும்பத்தின் பூர்விகம் ஜெர்மனி அன்று. இத்தாலியின் வடபுறத்தில், பெர்கமோ நகருக்கு அருகே, மலைப்பள்ளத்தாக்கிலுள்ள கொர்னெல்லோ என்னும் சிற்றூரே அவர்கள் பிறந்த மண். அங்கே அவர்கட்குத் தாசோ என்று பெயர். இத்தாலிய மொழியில் அச்சொல் வளை தோண்டி வாழும் ஒரு சிறு விலங்கைக் குறிக்கும். குடும்பச் சின்னத்தில் இன்றும் அவ்விலங்கு இருக்கிறது. பிற்காலத்தில் செல்வாக்கு ஓங்கியபின், மிலான் நகரை ஒரு காலத்தில் ஆண்ட தோர்ரே குலத்திலிருந்து தாங்கள் தோன்றியதாகக் கூறி, 1650இல் அப்பெயரையும் சேர்த்துக்கொண்டனர். தோர்ரே என்றால் கோபுரம்; அதுவே ஜெர்மன் மொழியில் தூர்ன் ஆயிற்று. செல்வம் வந்தபின் பழைய வம்சாவளி ஒன்றைத் தேடிக்கொள்வது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கமே போலும்! எருசலேம் மீட்சியைப் பாடிய இத்தாலியப் பெருங்கவி தொர்குவாத்தோ தாசோவும் இந்தக் கிளையில் வந்தவரே.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாக்சிமிலியன் என்னும் ஹாப்ஸ்பர்க் அரசனுக்கு ஒரு தொல்லை இருந்தது. அவனுடைய நாடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கவில்லை. ஆல்ப்ஸ் மலைநாட்டில் இன்ஸ்புருக். வடகடலோரத்தில் நெதர்லாந்து நிலங்கள். இடையிலே பிறர் நாடுகள். ஓலை எழுதினால் அது போய்ச் சேருமுன் நிலைமையே மாறிவிடும். 1490இல் தாசோ குடும்பத்தார் இவ்விரு முனைகளுக்குமிடையே மாற்றுக் குதிரை முறையில் ஒரு நிலையான தபால் வழியை அமைத்துத் தந்தனர். வழிநெடுக, முதலில் ஏறத்தாழ 35 அல்லது 40 கிலோமீட்டருக்கு ஒன்றாக நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் சேணம் பூட்டிய குதிரையும் புறப்படச் சித்தமாக ஒரு சவாரிக்காரனும். வந்தவன் பையைத் தருவான். நின்றவன் வாங்கிக்கொண்டு பாய்வான். வந்தவனும் அவன் குதிரையும் இளைப்பாறுவர்; பைக்கு மட்டும் இளைப்பாறல் கிடையாது.

இந்த ஏற்பாட்டைச் சீர்செய்து நிலைநிறுத்தியவர் பிரான்ஸ் வான் தாக்சிஸ் என்பவர். மாக்சிமிலியனின் மகன் பிலிப்புடன் 1505இல் அவர் செய்துகொண்ட உடன்படிக்கையில் காலக்கெடுக்கள் குறிக்கப்பட்டுள்ளன. பிரசெல்சிலிருந்து இன்ஸ்புருக்குக்குக் கோடையில் ஐந்தரை நாள். மாரியில் ஆறரை நாள். பாரிசுக்குக் கோடையில் 44 மணி நேரம், மாரியில் 54. ஸ்பெயின் நாட்டுக் கிரனாடாவுக்குக் கோடையில் 15 நாள். 11 ஆண்டுகள் கழித்து, 1516இல், இளவரசர் சார்லசுடன் புது உடன்படிக்கை ஏற்பட்டபோது இன்ஸ்புருக் காலம் ஐந்து நாளாகக் குறைந்தது. உரோமாபுரிக்கும் நேப்பிள்சுக்கும் வழி நீண்டது. கோடைக்கும் மாரிக்கும் தனித்தனிக் கெடு வைத்த அந்த அறிவை நாம் பாராட்டாதிருக்க முடியாது. பனியும் மழையும் சவாரிக்காரன் செய்த குற்றமல்ல என்பதை ஒப்பந்தம் எழுதியவர்களே உணர்ந்திருந்தார்கள்.

கெடு வைத்தால் மட்டும் போதுமா? கண்காணிப்பு வேண்டாமா? அதற்காகப் பையோடு ஒரு தாளும் சென்றது. மணித்தாள் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். பை எந்த நிலையத்துக்கு எந்த நாள், எந்த மணிக்கு வந்தது, எப்போது புறப்பட்டது என்பதை அந்தந்த நிலையத்தார் அதில் எழுத வேண்டும். 'விரைவு, விரைவு, விரைவு' என்னும் பொருளில் ஓர் இலத்தீன் சொல்லை அதன்மேல் இரண்டு மூன்று முறை எழுதியும் வைப்பர். இடையில் எங்கே காலம் வீணாயிற்று என்பதைக் கடைசி நிலையத்தில் ஒருவன் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். வண்டி தாமதமானால் எந்தப் பிரிவில் எத்தனை நிமிடம் போயிற்று என்று கணக்கெடுக்கும் நம் அலுவலக அன்பர்கள் இதைப் படித்துப் புன்னகை புரிவார்கள் என்று எண்ணுகிறோம்.

இனி, கொம்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தபால் சவாரிக்காரன் கையில் வளைந்த ஒரு சிறு கொம்பு இருக்கும். நிலையத்தை நெருங்கும்போது அதை ஊதினால், அடுத்தவன் குதிரையேறத் தயாராவான். பாதையில் ஊதினால் எதிர்வரும் வண்டிகள் ஒதுங்கி வழிவிட வேண்டும். இரவில் நகரின் மதிற்கதவும் அவ்வொலி கேட்டுத் திறக்கும். பிறர் அக்கொம்பை ஊதித் தம்மைத் தபால்காரராகக் காட்டிக்கொள்வது தடுக்கப்பட்டிருந்தது. நம் நாட்டில் தபால் ஓட்டக்காரன் கோலில் சதங்கை கட்டி ஒலித்துச் சென்றானே, அதே தேவைதான். ஆயின் அங்கே அது கொம்பாயிற்று. நாளடைவில் வருகைக்கு ஒன்று, புறப்பாட்டுக்கு ஒன்று, அவசரத் தபாலுக்கு ஒன்று எனக் கொம்பொலிகள் பல ஏற்பட்டன. ஐரோப்பிய இசைப் பெரியோர் அவ்வொலியைத் தம் இசைக்குள்ளும் கொண்டு வந்தனர். பாக் தம் இளமையில், அன்புச் சகோதரன் பிரிந்து செல்வதைக் குறித்து இயற்றிய விசைப்பலகை இசையில் தபால் கொம்பின் ஒலியை வைத்தார். மோசார்ட் 1779இல் சால்ஸ்பர்க்கில் இயற்றிய ஒரு செரினேடில் மெய்யான தபால் கொம்பே ஒலிக்கிறது; அதனால் அப்படைப்புக்கே அப்பெயர் வழங்குகிறது. சூபர்ட் 1827இல் இயற்றிய குளிர்காலப் பயணம் என்னும் பாடல் வரிசையில் 'தபால்' என்றே ஒரு பாட்டு உண்டு.

குடும்பத்தின் ஏற்றம் படிப்படியாக வந்தது. 1595இல் லியொன்ஹார்ட் என்பவர் பேரரசின் தபால் தலைவராக நியமிக்கப்பட்டார். 1615இல் அப்பதவி லாமொரால் என்பவருக்கும் அவர் சந்ததிக்கும் பரம்பரை உரிமையாயிற்று. 1624இல் கோமகன் பட்டம். 1695இல் இளவரசர் பட்டம். பேரரசரின் கடிதங்களை இலவசமாகச் சுமப்பார்கள். அதற்கு ஈடாகப் பொதுமக்களின் கடிதக் கட்டணம் முழுவதும் அவர்களுடையது. பிரஷ்யா, சாக்சனி போன்ற அரசுகள் தங்களுக்கெனத் தனித் தபால் வைத்துக்கொண்டு இடைவிடாது பூசலிட்டன என்பது உண்மையே. எனினும் வணிகம் பெருகப் பெருகக் கடிதம் பெருகிற்று. கடிதம் பெருகக் குடும்பம் பெருஞ்செல்வம் எய்திற்று.

இவ்விடத்தில் ஒரு பெண்மணியை மறந்துவிட்டால் அது அநீதியாகும். 1628இல் இரண்டாம் லியொன்ஹார்ட் இறந்தபோது மகன் சிறுவன். முப்பதாண்டுப் போர் என்று வரலாறு கூறும் கொடிய போர் நடந்துகொண்டிருந்த காலம். படைகள் நாட்டைச் சூறையாடின, பாதைகள் அடைபட்டன. அந்நிலையில் அவருடைய மனைவி அலெக்சாண்டிரின் தாமே தபால் தலைமையை ஏற்று, 1646இல் மகன் பொறுப்பேற்கும்வரை 18 ஆண்டுகள் நடத்திக் காட்டினார். பெயர்களின் நெடிய பட்டியலில் இளவரசர்கள் பலர் வருகிறார்கள். எம் கருத்தில் அவர்களுள் பலரைவிட இவரே பெரியவர்.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. பேரரசரின் தயவு சும்மா கிடைக்கவில்லை. வியன்னா அரசவைக்குப் பிறர் கடிதங்களின் உள்ளடக்கம் தேவைப்பட்டது. குடும்பத்தின் தபால் நிலையங்கள் சிலவற்றில் இரகசிய அறைகள் இருந்தன. அங்கே கைதேர்ந்தவர்கள் அரக்கு முத்திரையைச் சேதமின்றிப் பிரித்து, கடிதத்தைப் படியெடுத்து, மீண்டும் முன்போலவே முத்திரையிட்டு அனுப்பினர். படியெடுத்தது வியன்னாவுக்குப் போகும். தூதர்கள் இதை அறிந்தே இரகசியக் குறியெழுத்தில் எழுதினர். அதைப் பிரித்தறியவும் ஆட்கள் இருந்தனர். எழுதியவனுக்கும் பெறுபவனுக்கும் இடையே நம்பிக்கை ஒன்றையே மூலதனமாகக் கொண்ட தொழிலில் இது நடந்தது. பரம்பரை உரிமையைக் காத்துக்கொள்ள அவர்கள் கொடுத்த விலை இது. அந்த விலையைக் கொடுத்தவர்கள் கடிதம் எழுதிய ஏழை எளியோரும் வணிகரும்தாம். அவர்களைக் கேட்டு யாரும் கொடுக்கவில்லை.

1748இல் குடும்பம் பிராங்க்பர்ட் நகரை விட்டு ரேகன்ஸ்பர்க்குக்குக் குடிபெயர்ந்தது. காரணம் இது: பேரரசின் சட்டமன்றம் 1663 முதல் அந்நகரிலேயே நிரந்தரமாகக் கூடிவந்தது. அம்மன்றத்தில் பேரரசரின் பிரதிநிதியாக அமரும் பதவி அலெக்சாண்டர் பெர்டினாண்ட் இளவரசருக்குக் கிடைத்தது. பெரும்பதவிதான், ஆயினும் செலவும் பெரிது. ஐரோப்பிய நாட்டுத் தூதர்களையெல்லாம் விருந்தோம்பிப் பேரரசருடைய பெருமை குன்றாமல் காட்ட வேண்டும். அச்செலவில் பெரும்பகுதியைத் தபால் வருவாயே தாங்கியது. விருந்து என்றால் இசை வேண்டும், நாடகம் வேண்டும், நல்ல பல்லியக் குழுவும் வேண்டும். இப்படித்தான் கடிதக்காசு வயலினாகவும் குழலாகவும் மாறியது.

அவ்வரண்மனையின் இசைத் தலைவராக அமர்ந்தவர் யோசப் ரீப்பெல். இசை இயற்றும் இலக்கணத்தை ஆசிரியனும் மாணவனும் உரையாடும் வடிவில் எழுதத் தொடங்கி, 1752இல் முதற்பகுதியை வெளியிட்டவர் அவர். அந்நூல் இன்றும் இசை ஆராய்ச்சியாளர் கையில் இருக்கிறது.

1773இல் பட்டத்துக்கு வந்த கார்ல் அன்செல்ம் இளவரசர் காலத்தில்தான் இசை உச்சநிலை அடைந்தது. 1733இல் பிராங்க்பர்ட்டில் பிறந்த அவர், பேரரசின் தபால் தலைமையையும் மன்றப் பிரதிநிதிப் பதவியையும் ஒருங்கே வகித்தார். காலையில் தபால் கணக்கு. மாலையில் இசை நாடகம். அவர் தம் இசைப்பகுதியை ஒப்படைத்தது தியோடர் வான் ஷாக்ட் என்னும் பிரபுவிடம். இவரும் உயர்குடியினரே. 1748இல் பிறந்து, ரீப்பெலிடம் பயின்று, பின் ஸ்டுட்கார்ட் நகரில் புகழ்பெற்ற இத்தாலியரான யொமெல்லியிடமும் இசை கற்றுத் திரும்பியவர். சிம்பொனிகள், தனிக்கருவி இசைகள், இத்தாலிய இசை நாடகங்கள் எனப் பல இயற்றினார். கிளாரினெட் என்னும் குழற்கருவி அப்போதுதான் ஐரோப்பாவில் பரவலாகத் தலையெடுத்த நாள். அதற்காக அவர் இயற்றியவை குறிப்பிடத்தக்கவை. பிரபுக்கள் இசையைப் பொழுதுபோக்காகக் கொள்வது வழக்கம். ஷாக்ட் அவ்வாறன்றி முறையாகக் கற்று, பொறுப்பேற்று, ஓர் இசைக்குழுவையே நாள்தோறும் நடத்தியவர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அரண்மனை அரங்கில் முதலில் பிரெஞ்சு நாடகம். 1774 முதல் இத்தாலிய இசை நாடகம். 1778 முதல் ஜெர்மன் நாடகம். 1784இல் மீண்டும் இத்தாலிய இசை நாடகம் என மாறி மாறி நடந்தன. 1787 முதல் 1789 வரை ரேகன்ஸ்பர்க் அரங்கை நடத்தியவர் எமானுவேல் ஷிக்கனேடர். அவ்வூரிலேயே வளர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளை அவர். பின்பு வியன்னா சென்று, 1791இல் மோசார்ட்டின் 'மாயக்குழல்' இசை நாடகத்துக்குக் கதையும் உரையும் எழுதியவர் இவரே. கார்ல் அன்செல்ம் ஒரு பெரிய நூலகத்தை வளர்த்து ஊர்மக்களுக்கும் திறந்துவிட்டார். 1779இல் நகரின் பழைய மதிலைச் சுற்றி மரங்கள் நட்டு நிழற்சாலை அமைக்கச் செய்தார். அம்மரச்சாலை இன்றும் நகரைச் சூழ்ந்து நிற்கிறது. கடிதங்களைப் பிரித்துப் படித்த அதே ஆட்சியில்தான் இந்த நூலகமும் திறந்தது. இரண்டையும் ஒருசேர நினைத்துப் பார்ப்பதே வரலாற்றுக்கு நேர்மை.

பின்னர்ப் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அதைத் தொடர்ந்த போர்களில், குடும்பம் முதன்முதலில் வேரூன்றிய நெதர்லாந்துப் பகுதிகள் பிரான்சிடம் போயின. ரைன் நதியின் இடக்கரை முழுவதும் 1801இல் உடன்படிக்கை மூலம் பறிபோயிற்று. ஒவ்வொரு தபால் வழி அறுபடும்போதும் வருவாயில் ஒரு கிளை ஒடிந்தது. 1805 நவம்பரில் கார்ல் அன்செல்ம் இறந்தார். மறு ஆண்டில் பேரரசே கலைந்தது. பேரரசு இல்லையேல் பேரரசின் தபாலும் இல்லை, மன்றமும் இல்லை, பிரதிநிதிப் பதவியும் இல்லை. அதே 1806இல் அரண்மனை இசைக்குழு கலைக்கப்பட்டது. எங்கோ பெல்ஜியத்தில் ஒரு தபால் வழி நின்றால் ரேகன்ஸ்பர்க்கில் குழலூதுபவன் வீட்டில் அடுப்பு அணைகிறது. தொழிலில் இருப்போர்க்கு இது புதுச் செய்தியன்று. ஷாக்ட் பிரபு வியன்னாவில் சில காலம் வாழ்ந்து, கடைசியில் ரேகன்ஸ்பர்க்குக்கே திரும்பி 1823இல் காலமானார்.

இனிக் குடும்பம் அழிந்ததென்றே எவரும் நினைத்திருப்பர். மீண்டும் ஒரு பெண்மணியே காத்தார். புதிய இளவரசர் கார்ல் அலெக்சாண்டரின் மனைவி தெரேசா, பிரஷ்யாவின் அரசி லூயிசாவின் உடன்பிறந்தவர். புதிய அரசுகளோடு தபால் உரிமை குறித்து அயராமல் பேச்சு நடத்தினார். 1808இல் எர்பர்ட் நகரில் நெப்போலியனும் இரஷ்யச் சக்கரவர்த்தியும் சந்தித்தபோது, சக்கரவர்த்தியும் பிரெஞ்சு இராஜதந்திரி தாலிராந்தும் மாலைவேளைகளில் உரையாடியது இவருடைய இல்லத்து வரவேற்பறையில்தான். பவேரிய அரசு தபாலைத் தானே எடுத்துக்கொண்டபோது, அதற்கு ஈடாக 1812இல் புனித எம்மெராம் மடத்துக் கட்டடங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தன. நாம் முதலில் கண்ட அரண்மனை வந்த வரலாறு இதுவே. 1815இல் வியன்னா மாநாட்டுக்குப் பின் ஜெர்மானியச் சிறு அரசுகள் பலவற்றில் தபால் உரிமை மீண்டும் உறுதியாயிற்று. பிராங்க்பர்ட்டைத் தலைமையிடமாகக் கொண்டு தனியார் தபாலாக அது இன்னும் ஓர் அரை நூற்றாண்டு ஓடியது.

நம் வீட்டுச் சிறுவர்களில் தபால் தலை சேர்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1852இல் இக்குடும்பம் தன் பெயரிலேயே தபால் தலைகளை வெளியிட்டது. வடபகுதிக்கு ஒரு நாணயம், தென்பகுதிக்கு வேறொரு நாணயம். ஆதலின் இரண்டு வரிசைகள். ஓர் அரசாங்கம் அல்லாமல் ஒரு குடும்பம் பல நாடுகளுக்குச் செல்லுபடியாகும் தபால் தலை அச்சிட்டது என்பது அருமையான செய்தியல்லவா?

முடிவு 1866இல் வந்தது. ஆஸ்திரியாவோடு நடந்த போரில் பிரஷ்யப் படை பிராங்க்பர்ட்டுக்குள் நுழைந்து தபால் தலைமையகத்தையும் கைப்பற்றியது. அதை ஏற்று நடத்தவும் குடும்பத்தாரோடு பேசி முடிக்கவும் அனுப்பப்பட்ட அதிகாரி ஹைன்ரிக் ஸ்டீபன். தையற்காரர் ஒருவரின் மகன். 1848இல் தபால் நிலையத்தில் கீழ்ப்படியில் சேர்ந்து உழைத்து மேலேறியவர். ஒருபுறம் நூற்றாண்டுகள் பல கண்ட இளவரசர் குடும்பம். மறுபுறம் தையற்காரர் மகன். 1867 ஜனவரியில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. முப்பது இலட்சம் தாலர் ஈட்டுத்தொகை பெற்றுக்கொண்டு, மாக்சிமிலியன் கார்ல் இளவரசர் தபால் முழுவதையும் பிரஷ்யாவுக்குக் கொடுத்தார். 1867 ஜூலை முதல் நாள் கைமாற்றம் நடந்தது. குடும்பத்தின் தபால் தலைகள் அன்றோடு செல்லாக்காசாயின.

ஸ்டீபன் அத்துடன் நிற்கவில்லை. அவருடைய முயற்சியால் 1874இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி அகில உலகத் தபால் ஒன்றியத்துக்கு அடிகோலின. ஒரு நாட்டில் ஒட்டிய தபால் தலையோடு கடிதம் பல எல்லைகளைக் கடந்து செல்லும் ஏற்பாடு அதனால் வந்தது. இந்தியா 1876இல் அதில் சேர்ந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் பிழைக்கச் சென்ற நம் முன்னோர் ஊருக்கு எழுதிய கடிதங்களும் அந்த ஒன்றியம் வகுத்த ஏற்பாட்டின்கீழ் கடல் கடந்தவையே.

குதிரைகளும் கொம்புகளும் போயின. ஆயினும் வளைந்த கொம்பு ஜெர்மானியத் தபாலின் சின்னமாக இன்றும் அஞ்சற் பெட்டிகளில் விளங்குகிறது. கலைக்கப்பட்ட இசைக்குழு வாசித்த இசைத்தாள்கள் ரேகன்ஸ்பர்க் அரண்மனை நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றிலிருந்து ஷாக்ட் பிரபுவின் கிளாரினெட் இசையை எடுத்து, அண்மைக் காலத்தில் கலைஞர்கள் மீண்டும் வாசித்து இசைத்தட்டாகவும் வெளியிட்டிருக்கிறார்கள்.